கிராஸ்போக்காரனின் சனிக்கிழமை

ஆக்லாந்தில் எண்பதுகளில் வில்லைத் தூக்கிக்கொண்டு வேட்டைக்குப் போன முதல் தமிழன் நான்தான். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கிற வேலைக்கு ஏறி, இந்தத் துறைமுகத்தில் இறங்கி, இங்கேயே நின்றுகொண்டவன். பிறகு மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சொந்தமாக ஒரு வெல்டிங் பட்டறை போட்டேன். அங்கே சரக்கு இழுக்கிற வண்டிகளில் பாதி என் கையால் ஒட்டுப் போட்டவை. ஏவன்டேலில் ரயில் பாதைக்குப் பின்னால் வீடு. எல்லாம் இந்த இரண்டு கையாலும் வந்தவை.

வில்லும் அப்படித்தான் வந்தது. ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு பக்கம் வெடித்துக் கிடந்தது. பட்டறைக்குக் கொண்டுபோய் ஒட்டி, நூல் சுற்றி, அரம் போட்டு எடுத்தேன். சரக்குக் கொட்டகையில் மேற்பார்வை பார்த்த ஒரு மாவோரிக்காரர் என் சிநேகிதர். ஒரு நாள் அவர் பட்டறைச் சுவரில் அதைப் பார்த்துவிட்டு, "இதை இழுக்க உனக்குப் பெலன் இருக்கா, மேட்?" என்று கேட்டார். மேட் என்றால் இங்கே கூட்டாளி. இழுத்துக் காட்டினேன். அடுத்த சனிக்கிழமையே தன்னுடைய வில்லாளர் கிளப்புக்கு என்னைக் கூட்டிப்போனார்.

கிளப்பில் இருபது பேர்கூட இல்லை. தெற்கே இரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு பண்ணை. பைன் மரக்காடும், பற்றை படர்ந்த மலைச்சரிவும், அவற்றில் காட்டாடுகளும். பண்ணைக்காரர் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதி வரைக்கும் அந்த மலையை வில்லுக்காரருக்கு மட்டும் விட்டிருந்தார். அந்த ஆறு கிழமையும் துப்பாக்கி உள்ளே வரக்கூடாது. ஒருவர் அம்பு மற்றவர் மேல் படாமலிருக்க, ஒரு நாளைக்கு ஒரு ஆள் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தோம். அந்தப் பட்டியலைப் போடுகிறவன் நான். எழுத்து எனக்கு அதிகம் வராது. ஆனால் கோடு கீறிய தாளில் நாளையும் ஆளையும் எழுதுகிற அளவுக்கு ஆங்கிலம் வரும். மூன்று வருடத்தில் கிளப்பில் அதிக ஆடு விழுத்தியவனும் நான்தான்.

விழுத்திய ஆட்டை நான் மட்டும் தின்னவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் என் கராஜில் பங்கு போட்டேன். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குப் பங்கு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஆட்டை வெட்டினால் அத்தனை வீட்டுக்கும் அத்தனை கூறு. ஒவ்வொரு கூறிலும் தொடையில் கொஞ்சம், விலாவில் கொஞ்சம், எலும்பு, ஈரல், குடல் எல்லாம் ஒரே அளவாக விழ வேண்டும். தராசு கிடையாது, கண்தான். கூறு போட்டவன் கடைசியாக மிஞ்சுகிற கூறைத்தான் எடுக்க வேண்டும். அதனால் அவன் கள்ளம் செய்ய மாட்டான்.

அந்த நாட்களில் எங்களுக்குள் பதினொரு குடும்பங்கள் இருந்தன. அதில் டாக்டர் இருந்தார், கணக்காளர் இருந்தார், கொழும்பில் பெரிய கந்தோர் உத்தியோகத்தில் இருந்து வந்தவர்கள் இருந்தார்கள். கிழமை முழுக்க அவர்கள் பெரியவர்கள். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எல்லோரும் கையில் ஒரு சட்டியோடு என் வாசலில் நின்றார்கள். "அண்ணை, உங்கட கண்ணே தராசு" என்று டாக்டர் சொல்லுவார். அது எனக்குப் பட்டம் மாதிரி.

அப்படி நான் அரசாண்டுகொண்டிருந்தபோதுதான் அந்த இஞ்சினியர் வந்து சேர்ந்தான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டு வந்தவர்களில் ஒருவன். பாலங்களுக்குக் கணக்குப் பார்க்கிற வேலை, துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கிளென்ஃபீல்டில் வீடு. என்னைவிடப் பதினைந்து வயது இளமை. அவன் மனைவி ஊரில் கணிதம் படிப்பித்த ரீச்சர். இருவரும் வந்த முதல் மாதமே அவர்களுக்குப் பன்னிரண்டாவது கூறு நான்தான் போட்டேன்.

மூன்றாவது ஞாயிறு அவன் சட்டியை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.

"அண்ணை, நானும் ஒருக்கா உங்களோட வரலாமோ?"

"வாரும் தம்பி. ஆனா இது புத்தகத்தில படிக்கிற வேலையில்லை."

"அது தெரியும் அண்ணை. அதுதான் உங்களிட்டைக் கேக்கிறன்."

அவன் இழுக்க முடியாமல் முழிப்பதைப் பார்க்க வேண்டும் என்றுதான் கூட்டிப்போனேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கிளப்பில் என் வில்லைக் கையில் கொடுத்தேன். பாதி இழுத்தான், முகம் சிவந்தான், திரும்பித் தந்தான். எல்லோரும் நல்ல மாதிரிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று நல்ல நித்திரை.

மூன்று மாதம் கழித்து ஒரு பயிற்சி நாளில் நீளப் பெட்டி ஒன்றோடு வந்தான். திறந்தால் கிராஸ்போ. வில்லைக் குறுக்கே படுக்கவைத்து, துப்பாக்கிக்கு வைப்பது போல அடிக்கட்டையும் விசையும் வைத்த சாமான். காலால் மிதித்து நாணைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டினால் அது பூட்டினபடியே நிற்கும். பிறகு தோளில் வைத்து, குறி பார்த்து, விரலை அசைத்தால் போதும். நாற்பது கெஜ தூரத்துக் குறித்தட்டில் ஆறு அம்பு விட்டான். ஆறும் ஒரு தேநீர்ச் சாசருக்குள் நின்றன.

மாவோரிச் சிநேகிதர் என் காதுக்குள் சொன்னார்: "மேட், உன் தம்பி உன்னைத் தின்னப் போறான்."

"என்ர தம்பியில்லை" என்றேன்.

இந்தக் கைக்கு அந்தக் குறி வர இரண்டு வருடம் போனது. தோள் வீங்கி, விரல் தோல் உரிந்து, பட்டறையில் சுத்தியலைப் பிடிக்க முடியாமல் நின்ற நாட்கள் உண்டு. இவன் கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

பெப்ரவரிக் கூட்டத்தில் அந்தக் கேள்வி வந்தது. வில்லுக்காரருக்கென்று விட்ட ஆறு கிழமைக்குள் கிராஸ்போவை விடலாமா? தலைவர் ஒரு வெள்ளைக்காரர், குழாய் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், எதையும் ஒரே குரலில் சொல்கிறவர். ஒருவர் எழும்பி, கட்டையும் விசையும் இருந்தால் அது துப்பாக்கி, சத்தம் போடாத துப்பாக்கி, அவ்வளவுதான் என்றார். இன்னொருவர், பத்து வருடத்துக்கு முன்னால், இழுப்பை லேசாக்க இரண்டு முனையிலும் சக்கரம் மாதிரிச் சில்லு வைத்த வில் வந்தபோதும் இந்த அறையில் இதே பேச்சைத்தான் பேசினோம், இன்றைக்கு உங்களில் எத்தனை பேரிடம் சில்லு வில் என்று கேட்டார். பாதிப் பேர் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். தோள் போன கிழவர் ஒருவர், கிராஸ்போ இருந்தால் தானும் திரும்ப மலைக்கு வரலாம் என்றார்.

நான் எழும்பினேன். கூட்டத்தில் அதிகம் பேசுகிறவன் அல்ல, ஆனால் அன்றைக்கு வாய் தானாகத் திறந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "வில்லை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கை நடுங்கும். அந்த நடுக்கம் உன்னைக் கேட்கும், விடட்டா வேண்டாமா என்று. வேண்டாம் என்றால் மெல்ல நாணைத் தளர்த்தலாம். ஆடு தன் பாட்டில் போகும். மனுசனுக்கு யோசிக்க வில்லு நேரம் தரும். கிராஸ்போ ஒன்றும் கேட்காது. அது பூட்டினபடி காத்திருக்கும்."

மேசையைத் தட்டினார்கள். அதைவிட நல்ல பேச்சை அந்த அறை கேட்டதில்லை என்று மாவோரிச் சிநேகிதர் பிறகு சொன்னார். அது உண்மைதான்.

அப்போது இஞ்சினியர் எழும்பினான். "இவர் எனக்கு மூத்த அண்ணன் மாதிரி. இவர் சொன்னது சரி" என்று தொடங்கினான். அந்த மரியாதையே என்னைக் குத்தியது. "ஆனால் நடுங்குகிற கையிலிருந்து போகிற அம்பு ஆட்டின் வயிற்றில் படும். அந்த ஆடு மூன்று நாள் பற்றைக்குள் கிடந்து சாகும். பண்ணைக்காரர் போன வருடம் அப்படி இரண்டு பார்த்திருக்கிறார்." உட்கார்ந்துவிட்டான். நீட்டி முழக்கவில்லை. அவனுக்குத் தலையாட்டியவர்கள் எனக்கு மேசை தட்டியவர்களைவிட அதிகம்.

தலைவர் நடுவழி கண்டுபிடித்தார். இந்த ஒரு பருவம் கிராஸ்போவைப் பரீட்சைக்கு விடுவது, ஜூன் கூட்டத்தில் கையெண்ணி முடிவு செய்வது. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் பழைய விதியே நிற்கும், கிராஸ்போ வெளியே.

ஏப்ரல் பிறந்தது. அவனுக்கு முதல் முறை கிடைத்த நாளில் ஒரு ஆடு. இரண்டாவது முறை இரண்டு. எனக்கு முதல் நாள் ஒன்றுமில்லை, அடுத்ததில் ஒரு கிழட்டுக் கிடாய். அதன் மணம் கராஜை விட்டுப் போக ஒரு கிழமை எடுத்தது. அந்த ஞாயிறு பன்னிரண்டு சட்டிக்குப் பதிலாக ஏழு வந்தன. மற்றவர்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை. டாக்டரின் மனைவி தானாகவே சொன்னார்.

"அண்ணை, கிளென்ஃபீல்டிலயும் இண்டைக்குப் பங்கு. அங்க இறைச்சி நல்ல இளசாம்."

"அப்ப நீங்கள் ஏன் இஞ்ச வந்தனீங்கள்?"

"எங்களுக்குப் பாலம் தாண்டிப் போறது தூரம்."

தூரத்துக்காக என் வாசலில் நின்றார்கள். ஏழு கூறையும் சமமாக வைத்தேன். அன்று இரவு படுக்கையில் புரண்டுகொண்டு, அவன் வீட்டு கராஜில் யார் யார் சட்டியோடு நிற்பார்கள், யார் சிரிப்பார்கள், அவன் கூறு போடத் தெரியாமல் எப்படித் திணறுவான் என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்தேன். திணறமாட்டான் என்றும் தோன்றியது. பாலத்துக்கே கணக்குப் பார்க்கிறவன்.

அப்போதுதான் பருவத்தின் கடைசிப் பகுதிக்குப் பட்டியல் போடும் வேலை வந்தது. சாப்பாட்டு மேசையில் கோடு கீறிய தாள். சுவரில் தங்கச்சி யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய கலண்டர். அதில் ஒரு சனிக்கிழமையில் முழு வட்டம் போட்டுச் சித்திரைப் பறுவம், அதாவது சித்திரை மாதத்துப் பௌர்ணமி, என்று இருந்தது. ஆடி அமாவாசை தகப்பன் இல்லாதவர்களுக்கு, சித்திரைப் பறுவம் தாய் இல்லாதவர்களுக்கு. தாய் போனவர்கள் அன்று விரதம். எங்கள் பன்னிரண்டு வீட்டில் பதினொன்றில் புருசனுக்கோ பெண்சாதிக்கோ தாய் இல்லை. அன்று அந்த வீடுகளின் வாசற்படியை இறைச்சி தாண்டாது.

பேனையை எடுத்தேன். அந்தச் சனிக்கிழமைக்கு நேரே இஞ்சினியரின் பேர். அடுத்த நாள் ஞாயிறுக்கு நேரே என் பேர்.

என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. அவன் சனிக்கிழமை எத்தனை ஆடு விழுத்தினாலும் வாங்க ஆள் இருக்காது. ஞாயிறு விரதம் முடிந்து எல்லோரும் நாக்கில் ருசி தேடி என் கராஜுக்கு வருவார்கள். வெள்ளைக்காரனுக்கு இது விளங்காது. விளங்கக்கூடிய ஒரே ஆள் இஞ்சினியர், பட்டியலைப் பார்த்துவிட்டு, "நன்றி அண்ணை" என்றான்.

அந்தக் கிழமை எல்லா வீட்டுக்கும் போன் எடுத்து, ஞாயிறு நாலு மணிக்குப் பங்கு என்று சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். இஞ்சினியரின் மனைவி.

"அண்ணை, பறுவம் இஞ்ச சனிக்கிழமையில்லை. ஞாயிறு."

"என்ன பிள்ளை சொல்லுறீர்? கலண்டரில சனிக்கிழமை எண்டெல்லே கிடக்கு."

"அது ஊருக்குப் போட்ட கணக்கு அண்ணை. அங்க சனி பின்னேரம் மூண்டு மணிக்குப் பறுவம் தொடங்குது. அப்ப எங்கட மணிக்கூட்டில இரவு ஒன்பதரை. சனி நிலவு எழும்பேக்க இஞ்ச பறுவம் தொடங்கியே இராது. ஞாயிறு நிலவுதான் பறுவ நிலவு."

கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. புருசனுடைய ஆட்டைக் காப்பாற்ற இவள் நிலவையே நகர்த்துகிறாள்.

"பிள்ளை, பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்தில போட்டது. கிளென்ஃபீல்டில போடேல்ல."

"நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன் அண்ணை. பிறகு நீங்கள் யோசியுங்கோ."

நான் யோசிக்கவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் தலைக்குத் தோய்ந்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் படைத்து, மத்தியானம் ஒரு நேரச் சாப்பாடு. சுத்தமாக, ஒரு குறையும் வைக்காமல் செய்தேன். பிறகு வில்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் மலையில் நிற்பதற்காகப் பண்ணைக் கொட்டிலுக்குப் புறப்பட்டேன். பாதி வழியில் இஞ்சினியரின் கார் எதிரே வந்தது. விளக்கை அடித்துக் காட்டினான். பின்பக்கம் தாழ்ந்திருந்தது. இரண்டு ஆடாவது இருக்கும் என்று மட்டுக் கட்டினேன். கொண்டுபோய் யாருக்குக் கொடுப்பாய் பார்ப்போம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கொட்டில் வாசலில் தேநீர் குடிக்கும்போது மலைக்கு மேல் நிலவு எழும்பியிருந்தது. ஒரு ஓரம் சப்பை. ரொட்டியை ஒருவர் ஒரு பக்கம் மெல்ல அழுத்தியது போல. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேநீரைக் குடித்தேன்.

விடிந்தது. பைன் மரங்களுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் ஒரு இளம் கிடாய் தனியாக மேய்ந்தது. காற்று எனக்குச் சாதகம். இருபத்தைந்து அடி வரைக்கும் ஊர்ந்து போனேன். வேறு எவனாலும் அந்தப் பற்றைக்குள் அவ்வளவு கிட்டப் போக முடியாது. வில்லை இழுத்தேன். கிடாய் ஒரு செடிக்குப் பின்னால் போனது. இழுத்தபடி நின்றேன். கை நடுங்கத் தொடங்கியது.

நான் பெப்ரவரியில் சொன்னது பொய்யில்லை. அந்த நடுக்கம் கேட்கத்தான் செய்தது. இரவு ஒன்பதரை என்றது. ஓரம் சப்பை என்றது. இன்றைக்குத்தான் அம்மாவின் நாளென்றால் என்ன செய்வாய் என்று கேட்டது. நாணைத் தளர்த்த நேரம் இருந்தது, நிறையவே இருந்தது. அதற்குப் பதில் என் கண்ணில் வந்தது அவனுடைய காரின் தாழ்ந்த பின்பக்கம். கிடாய் செடியை விட்டு வெளியே வந்தது. விட்டேன்.

ஒரே அம்பு. பத்தடிகூட ஓடவில்லை. பருவத்திலேயே சிறந்த அம்பு அதுதான், இப்போதும் சொல்வேன்.

ஒரு மணிபோல ஏவன்டேலுக்குத் திரும்பி, கராஜைத் திறந்து, கிடாயைக் கொளுக்கியில் மாட்டினேன். தண்ணீர் எடுக்கக் குசினிக் கதவடிக்குப் போனேன். மனைவி குறுக்கே நின்றாள். தலை ஈரம். நெற்றியில் திருநீறு.

"இஞ்சேருங்கோ, அந்தக் கையோட உள்ளுக்கு வராதேங்கோ."

"ஏன்?"

"இண்டைக்குப் பறுவம். மாமிக்குப் படைச்சுக்கொண்டிருக்கிறன்."

"நேத்தெல்லே படைச்சனாங்கள்."

"நேத்து நீங்கள் படைச்சனீங்கள். இண்டைக்கு நான் படைக்கிறன்."

உள்ளே அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிவது அவள் தோளுக்கு மேலால் தெரிந்தது. வாழைக்காய்க் கறி மணந்தது.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"கிளென்ஃபீல்ட் பிள்ளை. நீங்கள் வெளிக்கிட்டாப் பிறகு எடுத்தவ. எல்லா வீட்டுக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறா. உங்களுக்கு வெள்ளிக்கிழமையே சொன்னவவாம்."

நான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

"நீங்கள் எனக்குச் சொல்லேல்ல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கறியில் உப்புக் குறைவு என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

நேற்றுப் பின்னேரம் கிளென்ஃபீல்டில் பங்கு நடந்திருக்கிறது. விரதம் அடுத்த நாள்தான் என்று தெரிந்து மற்றப் பத்து வீடும் போய் வாங்கி, சமைத்து, சாப்பிட்டு, விடியத் தோய்ந்து சுத்தமாகி இருக்கிறார்கள். நான் ஒருவன்தான் தவறான நாளில் பட்டினி கிடந்து, சரியான நாளில் உயிரெடுத்தவன். அம்மாவுக்கு நான் ஒரே மகன்.

ஆனாலும் கராஜுக்குப் போய்க் கூறு போட்டேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பில் பன்னிரண்டு கூறு. நாலு மணியாயிற்று. ஒரு சட்டியும் வரவில்லை. நாலரை. ரயில் ஒன்று போனது. ஐந்தரைக்கு எதிர் வீட்டுக் கூரைக்கு மேலால் நிலவு வந்தது. ஒரு குறையும் இல்லாத வட்டம். கவராயத்தால் கீறினது போல.

அப்போது அவனுடைய கார் வாசலில் வந்து நின்றது. இறங்கி வந்தான். கையில் பெரிய குளிர்பெட்டி.

"அண்ணை."

"என்ன, பாக்க வந்தனீரோ?"

"இல்லை அண்ணை, எடுக்க வந்தனான். எனக்கு அம்மா கொழும்பில இருக்கிறா. எனக்கு விரதமில்லை. நான் தொடலாம்." கூறுகளைப் பார்த்தான். "இதை எங்கட ஃபிரீசரில வைப்பம். செவ்வாய்க்கிழமை எல்லாரையும் வரச்சொல்லி, உங்கட பங்கு எண்டு சொல்லியே குடுக்கலாம்."

அவன் குனிந்து முதற் கூறை அள்ளினான். எனக்கு அந்த இடத்தில் அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, உமக்குச் சனிக்கிழமையைத் தெரிஞ்சுதான் போட்டனான்."

"தெரியும் அண்ணை."

"எப்ப தெரியும்?"

"பட்டியல் வந்த அண்டைக்கே அவ பாத்திட்டுச் சொன்னவ. அண்ணை உங்களுக்கு விரத நாளைத் தந்திருக்கிறார், ஆனா நாள் மாறித் தந்திட்டார் எண்டு." அவன் சிரித்தான். எனக்கு எரிச்சல் ஊட்டாத ஒரு சிரிப்பு, அதனாலேயே எரிச்சல் ஊட்டியது. "அதுதான் அவ போன் எடுத்தவ. உங்களுக்கு அம்மா இல்லையெல்லே."

தெரிந்திருந்தும் எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான்தான் அதைக் கள்ளம் என்று நினைத்திருக்கிறேன். அவனுக்கு நல்ல குறி, நல்ல வேலை, நிலவைக் கணக்குப் பார்க்கிற பெண்சாதி. இவை போதாதென்று அம்மாவும் உயிரோடு. குளிர்பெட்டியின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக் காருக்குத் தூக்கிக்கொடுத்தேன். அன்றைக்கு நான் செய்த உதவி அவ்வளவுதான்.

ஜூன் கூட்டத்துக்குப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். மாவோரிச் சிநேகிதர் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பேச்சைத் தயார் பண்ணிட்டியா, மேட்? வில்லு கேள்வி கேக்கும் எண்டு சொன்னியே. அதைத் திரும்பச் சொன்னால் வென்றிடலாம்."

தலைவரும் என்னைத்தான் பார்த்தார். பெப்ரவரியில் நன்றாகப் பேசியவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். எழும்பினேன். வில்லு நேரம் தரும் என்று சொன்ன அதே வாய். எனக்கு வில்லு நேரம் தந்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும், கராஜில் தொங்கிய கிடாய்க்குத் தெரியும்.

"அடுத்த வருடம் பட்டியலை வேறு யாராவது போடுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கிராஸ்போவை அனுமதிக்கலாம் என்று ஒன்பது கை. கூடாது என்று எட்டு. தலைவர் இரண்டு தரம் எண்ணினார். என் கையும் எழும்பியிருந்தால் சமம், சமமென்றால் கிராஸ்போ வெளியே. என் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். நல்ல மனதால் அப்படிச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கிராஸ்போ வில்லாகாது என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் அதேதான். ஆனால் அதை எதிர்க்க என்னிடம் இருந்த ஒரே நியாயத்தை நானே கொன்றுவிட்டேன். மிஞ்சியது எரிச்சல் மட்டும். எரிச்சலுக்குக் கை தூக்கினால் அது எனக்குத் தெரியும்.

அடுத்த ஏப்ரலில் முதல் ஆடு அவனுடையது. சொல்லவா வேண்டும். போன் எடுத்தான்.

"அண்ணை, ஒரு உதவி. போன வருசம் நான் கூறு போட்டு, டாக்டர் வீட்டுக்கு எலும்பு கூடிப்போச்சு எண்டு ஒரு மாசம் கதை. நீங்கள் வந்து போட்டுத் தருவியளோ?"

அவனுக்கு வராத ஒன்று இருக்கிறது என்று கேட்டபோது எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க விரும்பவில்லை. என் கத்தியைத் தீட்டிக்கொண்டு பாலம் தாண்டிக் கிளென்ஃபீல்டுக்குப் போனேன். அவனுடைய கராஜில், அவனுடைய ஆட்டில், பதின்மூன்று கூறு. அதற்குள் இன்னொரு குடும்பம் வந்திருந்தது. டாக்டர் ஒவ்வொரு கூறாகப் பார்த்துவிட்டு, "தராசு வந்திட்டுது" என்றார். எல்லோரும் எடுத்தார்கள். வழக்கப்படி கடைசிக் கூறு எனக்கு. இஞ்சினியர் அதைப் பொதிந்து காரில் வைத்தான்.

வீட்டுக்கு வந்து பொதியைப் பிரித்தேன். கையில் எடுத்தபோதே தெரிந்தது. நான் வைத்த கூறைவிடப் பாரம். கிண்டிப் பார்த்தேன். அடியில் ஈரலில் பாதித் துண்டு, அவன் வீட்டுக் கூறிலிருந்து எடுத்து வைத்தது. நான் பார்க்காத நேரத்தில் வைத்திருக்கிறான்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று மனைவி கேட்டாள். "நல்ல ஈரலெல்லே."

நல்ல ஈரல்தான். மிளகு போட்டுப் பிரட்டித் தந்தாள். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் அவன் மேல் எரிச்சல் கூடியது.